பார்க்காமல் விட்ட பக்கம்

ப்ரோதொவோ
5 அக்டோபர் 2008

அன்புள்ள அண்ணா,

உன் முதுகு இப்போது எப்படி இருக்கிறது? இரவில் தூக்கம் வருகிறதா? நான் நன்றாக இருக்கிறேன். அம்மா நன்றாக இருப்பதாகச் சொல்கிறாள், ஆனால் உப்பைத் தேநீரில் போடுகிறாள்.

ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் பேசும்போது அம்மா தோளோடு தோள் ஒட்டி நின்று ரிசீவரில் காதை வைத்துக்கொள்கிறாள். அவள் முன்னால் மோட்டார் சைக்கிள் என்ற சொல்லையே எடுக்க முடியாது. அதனால் இனி எழுதுகிறேன். பதிலை நூலக முகவரிக்கு அனுப்பு. நூலகரிடம் சொல்லிவிட்டேன்.

ரொட்டி வேன் ஓட்டும் ஸ்டாமென் மாமா போலீசில் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? “பையன் வண்டியில நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கிச்சு. சிகரெட் வாங்க வலது ஓரமா நிறுத்தப் போறான்னு நெனச்சு இடதுபக்கமா தாண்டினேன். அவன் பாட்டுக்கு இடதுபக்கம் திரும்பிட்டான்.” கேட்பவர்கள் நம்பத்தான் செய்வார்கள். நம் ஊரில் எல்லாரும் நாலையும் மினுக்கவிட்டு நடுத்தெருவில் வண்டியை விட்டுவிட்டுத்தானே ரொட்டி வாங்கப் போகிறார்கள். ஆனால் உன்னுடையது செக் நாட்டுப் பழைய வண்டி. நாலையும் ஒன்றாக மினுக்க அதில் ஸ்விட்சே கிடையாது. அப்படியென்றால் மாமா பொய் சொல்கிறார்.

இயற்பியல் போட்டியில் கிடைத்த பரிசில் அந்த எல்.இ.டி. இண்டிகேட்டர்களை வாங்கி, உன் பிறந்தநாளன்று என் கையாலேயே மாட்டினேன். மறுநாள் மாலையே உன்னை வேன் இடித்துவிட்டது. அதனால் இதைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்: தெருமுனையில் நீ இடது ஸ்விட்சைப் போட்டாய்தானே?

ஸ்டாமென் மாமாவின் மகள் இஸ்க்ரா பள்ளியில் என் பெஞ்சிலிருந்து எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.  நான் பேச்சை எடுப்பதற்கு முன்பே போய்விட்டாள்.

சூப் கொடுத்தால் மிச்சம் வைக்காமல் குடி.

உன் தங்கை,
சோர்னித்சா


பொமோரியே
21 அக்டோபர்

அன்புள்ள சோரி,

உன் கடிதம் வந்தது. நான் உயிரோடு இருக்கிறேன், பசிக்கிறது, இரண்டும் நல்ல செய்திதான். பென்சிலில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மல்லாந்து படுத்து எழுதினால் பேனாவில் மை இறங்குவதில்லை.

பக்கத்துப் படுக்கையில் ரங்கெல் என்று ஒருவர். கூரை வேய்கிறவர், மாதா கோயில் கூரையிலிருந்து விழுந்தார். முதல் நாளே என்னிடம், “ரெண்டு சக்கரத்துல இருந்துதான விழுந்த? அப்ப உனக்குச் சுவரோரம்தான். ஜன்னல் பக்கம் மேல இருந்து விழுந்தவனுக்கு” என்றார். காலையில் சிகிச்சை என்று எங்களைக் கறுப்புச் சேற்றில் புதைத்து வைக்கிறார்கள். சேறு வெதுவெதுப்பாக இருக்கும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். வலது கால் விரல்களை அசைக்க முடிகிறது. இடது கால் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், இடது ஸ்விட்சைத்தான் போட்டேன்.

படிப்பைப் பார். அம்மாவின் தேநீரை நீயே போட்டுக் கொடு.

உன் அண்ணன்,
லாச்செசார்


ப்ரோதொவோ
9 நவம்பர்

அன்புள்ள அண்ணா,

விரல்கள் அசைவதை அம்மாவிடம் நீ தொலைபேசியில் சொன்னபோது, நான் ஏற்கெனவே தெரியாத மாதிரி ஆச்சரியப்பட்டேன். நன்றாகவே நடித்தேன். உன் இடது கால் யோசித்து முடித்துவிட்டதா?

தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்த நிபுணர் வண்டியைப் பார்த்து அறிக்கை கொடுத்துவிட்டார். அம்மா மேசை மேல் வைத்திருந்ததை நான் படித்தேன். இடப்பக்க இண்டிகேட்டர்கள் இரண்டும் நொறுங்கிவிட்டன, பேட்டரி உடைந்துவிட்டது, எனவே சோதிக்க முடியவில்லை. இந்த வகை வண்டியில் நான்கும் ஒன்றாக மினுக்க வழியே இல்லை, எனவே ஓட்டுநரின் கூற்று நம்பத் தகுந்ததல்ல. ‘நம்பத் தகுந்ததல்ல’ என்பதற்கு அடியில் அம்மா கோடு போட்டிருக்கிறாள். மார்ச்சில் வழக்கு. அதுவரை மாமாவிடம் லைசென்ஸ் இல்லை, வேனை வேறு ஒருவர் ஓட்டுகிறார். அந்த ரொட்டியையும் அம்மா வாங்குவதில்லை.

இஸ்க்ராவை நேற்று கை கழுவும் இடத்தில் பார்த்தேன்.

“எங்கப்பா பொய் சொல்ல மாட்டார்” என்றாள்.

“எங்க வண்டியில அந்த ஸ்விட்சே இல்ல இஸ்க்ரா.”

“நீ ஒரு தடவையாவது பின்னாடி நின்னு பார்த்தியா, பெரிய படிப்பாளி?”

நான் சோதித்ததை உனக்குச் சொல்கிறேன். வண்டி அன்று சுவருக்கும் விறகு அடுக்குக்கும் நடுவில் நின்றதல்லவா? நான் இடப்பக்கம் நின்று இடது ஸ்விட்சைப் போட்டேன், முன்னும் பின்னும் மினுக்கின. சுற்றி வலப்பக்கம் போய் வலது ஸ்விட்சைப் போட்டேன், மினுக்கின. மூன்று தடவை செய்தேன். புது விளக்குகள் மின்சாரம் குறைவாக எடுப்பதால் முதலில் படபடவென்று வேகமாக மினுக்கின. நூலகப் புத்தகத்தில் சொன்னபடி, மினுக்க வைக்கும் ஃப்ளாஷரை மாற்றியதும் சரியான வேகத்துக்கு வந்தது. என் நோட்டில் எல்லாம் இருக்கிறது.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். விறகுக் கொட்டகையில் இருக்கிறது.

சேற்றுக் குளியல் முடிந்ததும் ஈரத்தோடு படுக்காதே.

சோர்னித்சா


பொமோரியே
20 நவம்பர்

சோரி,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருங்கள்.

வண்டியைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிடு. இந்த வாரமே. அம்மாவுக்கும் நிம்மதி. அதற்குள் அதைத் தொடாதே, பிரிக்காதே, ஸ்விட்சைப் போட்டுப் பார்க்காதே. எனக்குச் சத்தியம் செய்து எழுது.

இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடுவே நான்கு நிமிடம் நின்றேன். ரங்கெல் கைதட்டினார்.

லாச்செசார்


ப்ரோதொவோ
14 டிசம்பர்

அன்புள்ள அண்ணா,

நான்கு நிமிடம்! இப்போது எத்தனை? இங்கே முழங்கால் வரை பனி. அம்மாவுக்கு இருமல் இருந்தது, இப்போது பரவாயில்லை.

நீ கேட்ட சத்தியத்தை நான் செய்யவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். பழைய இரும்புக்காரர் வசந்தத்தில்தான் வருவார். அதுவரை வண்டி நொறுங்கிக் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை. நீ வரும்போது ஒரு பக்கமாவது எரியட்டுமே என்று பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு பேட்டரி கேட்டு வாங்கிவந்தேன்.

ஒன்று விசித்திரமாக இருக்கிறது. இடது ஸ்விட்சைப் போட்டால் வலப்பக்கப் பின் விளக்கு மினுக்குகிறது.

இடித்ததில் ஏதாவது இரண்டு வயர்கள் தோல் உரிந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். விடுமுறையில் பார்க்கிறேன்.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், இடது காலுக்கு இரண்டு போட்டுக்கொள்.

சோர்னித்சா


ப்ரோதொவோ
7 ஜனவரி 2009

அன்புள்ள அண்ணா,

நான் எழுதி மூன்று வாரமாகியும் உன்னிடமிருந்து பதில் இல்லை. தொலைபேசியில் உன் குரல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என்னிடம் வானிலையைப் பற்றி மட்டும் பேசுகிறாய். காய்ச்சல் ஒன்றும் இல்லையே?

நசுங்கிய வயர்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். அப்போதும் இடது போட்டால் வலது மினுக்கியது. ஆகவே அது விபத்தால் வந்த கோளாறு அல்ல.

பிறகு மீட்டரைக் கழற்றினேன். உள்ளே, இண்டிகேட்டர் போட்டிருப்பதை ஓட்டுபவருக்குக் காட்ட, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு குட்டி பல்பு இருக்கிறது. அதன் ஒரு வயர் இடப்பக்க விளக்குகளுக்கும் இன்னொன்று வலப்பக்க விளக்குகளுக்கும் போகிறது. இடது ஸ்விட்சைப் போட்டால் கொஞ்சம் மின்சாரம் இந்தக் குட்டி பல்பைத் தாண்டி வலப்பக்க விளக்குகள் வழியாக எர்த்துக்கு இறங்குகிறது. பழைய பல்புகளுக்கு அந்தத் துளி மின்சாரம் போதாது, எரியாமல் சும்மா இருந்தன. எல்.இ.டி.க்கு அந்தத் துளியே போதும். குட்டி பல்பின் இரண்டு வயர்களிலும் ஒவ்வொரு டயோடு வைத்து, நடுவிலிருந்து எர்த் கொடுத்திருந்தால் இது நடந்தே இருக்காது. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் அந்த டயோடு என் விரல் நகத்தைவிடச் சிறியது. புத்தகத்தில் அடுத்த அத்தியாயத்தில் இருக்கிறது. ஃப்ளாஷர் சரியானதும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

இடது போட்டு இடப்பக்கம் எரிகிறதா என்று பார்த்தேன். வலது போட்டு வலப்பக்கம் எரிகிறதா என்று பார்த்தேன். எரியக் கூடாத பக்கம் எரியாமல் இருக்கிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. விறகு அடுக்கைச் சுற்றிக்கொண்டு ஏழு அடி நடந்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஸ்டாமென் மாமா நாலும் மினுக்கியதைத்தான் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை.

அண்ணா, உன்னை அந்தப் படுக்கையில் படுக்க வைத்தது நான்தான். அம்மாவுக்கு இது தெரிந்தால் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைக்கவே முடியவில்லை. நான் என்ன செய்ய வேண்டும், சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பார்த்துக்கொள்.

சோர்னித்சா


பொமோரியே
16 ஜனவரி

அன்புள்ள சோரி,

காய்ச்சல் இல்லை. காலுறை இதமாக இருக்கிறது.

இதை யாரிடமும் சொல்லாதே. உனக்குப் பதினைந்து வயது. நான்கு மினுக்கினாலும் நாற்பது மினுக்கினாலும், தெருமுனையில் முந்தியது ஸ்டாமென்தான். அவசரப்பட்டது அவர். அவருக்கு அபராதம் போடுவார்கள், கொஞ்ச நாள் வேன் ஓட்ட மாட்டார், பிறகு ஓட்டுவார். உலகம் இடிந்துவிடாது. நீ இந்த வருடமும் இயற்பியல் போட்டிக்குப் போகவேண்டும்.

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நீயும் இதைக் கிழித்துவிடு.

ஊன்றுகோலோடு கழிப்பறை வரை போய் வந்தேன்.

லாச்செசார்


ப்ரோதொவோ
15 பிப்ரவரி

அன்புள்ள அண்ணா,

கழிப்பறை வரை நடந்தது எனக்குப் பெரிய செய்தி. எத்தனை அடி என்று எண்ணினாயா? நாங்கள் இருவரும் நலம்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஏழு தடவை படித்தேன். ரேடியோவில் ஒரு பட்டன் வேலை செய்யாவிட்டால்கூட “எப்படி? ஏன்?” என்று கேட்பவன் நீ. உன் விபத்துக்குக் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறேன், நீ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. வண்டியைத் தொடாதே, ஸ்விட்சைப் போட்டுப் பார்க்காதே என்று நவம்பரிலேயே எழுதினாய்.

உனக்கு எப்போது தெரியும்?

நீ பதில் எழுதுமுன் இன்னொன்றையும் கேட்டுக்கொள். நேற்று ஸ்டாமென் மாமாவைப் பார்த்தேன். பள்ளிக்கு எதிரே நகராட்சிக்காகப் பனியை வாரிக்கொண்டிருந்தார். நான் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடப் பார்த்தேன், அவர் கூப்பிட்டுவிட்டார்.

“சோர்னித்சா, இங்க வாம்மா. கடிச்சுட மாட்டேன். அண்ணன் எப்படி இருக்கான்?”

“நடக்கிறான், மாமா. ஊன்றுகோலோட.”

“நல்லது. நல்லது.” மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். “வக்கீல் சொல்றாரு, பிடிவாதம் பிடிக்காத, கண்ணு தப்பாப் பார்த்துடுச்சுன்னு ஒத்துக்கோ, தண்டனை குறையும்னு. ஒத்துக்கலாம்னு இருக்கேன்.”

“நீங்க... நாலையும் பார்த்தீங்கதானே, மாமா?”

“பார்த்தேன்னுதான் நெனச்சேன். இருபது வருஷமா ஓட்டறேன். ஆனா படிச்சவங்க இத்தனை பேர் இல்லேன்னு சொல்லும்போது, நான் என்னத்தைக் கண்டேன்? இஸ்க்ராகூட இப்பல்லாம் கேக்கிறதில்ல. போம்மா, மணி அடிச்சிடப் போகுது.”

மணி ஏற்கெனவே அடித்துவிட்டிருந்தது. நான் ஓடினேன். நீ எழுதியது போல அது வெறும் அபராதம் அல்ல அண்ணா. மார்ச் பதினெட்டாம் தேதி அவர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, தான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லப் போகிறார்.

சளி பிடிக்காமல் இரு.

சோர்னித்சா


பொமோரியே
1 மார்ச்

அன்புள்ள சோரி,

நீயும் அம்மாவும் இந்த ஆண்டு நோயில்லாமல் இருக்கவேண்டும். மார்ச் முதல் நாளுக்குக் கையில் கட்டிக்கொள்ளச் சிவப்பு வெள்ளை நூல் இரண்டு உறையில் வைத்திருக்கிறேன், செவிலி முறுக்கிக் கொடுத்தாள். உனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. வசந்தத்தின் முதல் நாரையைப் பார்க்கும் வரை கழற்றாதீர்கள்.

உன் கேள்விக்குப் பதில் எழுத ஐந்து நாள் ஆனது. ரங்கெல் என்னைப் பார்த்து, “அந்த பென்சிலைத் தின்னுட்டே இருக்கியே, சாப்பாடு பத்தலியா?” என்று கேட்டார்.

அன்று காலையிலேயே தெரியும்.

வேலைக்குப் போகும்போது மருந்துக்கடை முன்னால் சிவப்பு விளக்குக்காக நின்றேன். வலது ஸ்விட்சைப் போட்டிருந்தேன். கடையின் பெரிய கண்ணாடியில் வண்டி முழுதாகத் தெரிந்தது. அழகாக இருந்தது, சோரி. நாலும் சேர்ந்து மினுக்கிக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. நம் படிப்பாளி எங்கோ கோட்டைவிட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் நீ வாசலில் ஸ்க்ரூடிரைவரோடு நின்று, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் “ஆகா” என்றதும் உன் காது சிவந்தது. அந்த மகிழ்ச்சியில் ஒரு நாள் இருக்கட்டும் என்று நினைத்தேன். தெரிந்தே அப்படி ஓட்டினேன். கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. ஆகவே என்னைப் படுக்கையில் போட்டது நீ அல்ல.

பிறகு போலீஸ்காரர் என் தலைமாட்டில் வந்து கேட்டபோது, இடது போட்டேன் என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. மீதியைச் சொன்னால் யார் மாட்டியது என்று கேட்பார்களே என்று நிறுத்திக்கொண்டேன். ஸ்டாமென் பனி வாருவது எனக்குத் தெரியாது.

இன்று நீதிமன்றத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன். விளக்கை மாட்டியது நான் என்று எழுதியிருக்கிறேன். நீ வாயைத் திறக்க வேண்டாம்.

முப்பத்தொரு அடி. எண்ணினேன்.

லாச்செசார்


ப்ரோதொவோ
22 மார்ச்

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம், உண்மையிலேயே. முப்பத்தொன்று இப்போது எத்தனை ஆயிற்று?

உன் கடிதம் வந்த அன்று நூலகத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப்பெட்டியை அணைத்தாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“ஜனவரியில.”

“அவனுக்கு?”

“அன்னிக்குக் காலையிலேயே.”

அவள் என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, “ஞாயித்துக்கிழமையானா போன்ல காதை ஒட்டி வச்சுக்கிட்டு நிக்கிறேன், ரெண்டு பேரும் மழையைப் பத்திப் பேசறீங்க” என்றாள். தேய்த்த துணியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “அந்த மனுஷனை ரொட்டி வரிசையில எல்லார் முன்னாடியும் நான் என்ன சொன்னேன் தெரியுமா?” என்றாள். எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். பிறகு எழுந்து, “கோட்டைப் போட்டுக்கோ” என்றாள். இருவரும் ஸ்டாமென் மாமாவின் வீட்டுக்கு நடந்தோம். வாசலில் அம்மாதான் பேசினாள். அங்கே நடந்ததை நீ வரும்போது சொல்கிறேன்.

பதினெட்டாம் தேதி நீதிபதி இரண்டு கடிதங்களைக் கையில் வைத்திருந்தார், உன்னுடையது ஒன்று, நான் எழுதிக் கொடுத்தது ஒன்று.

“ரெண்டு பேரும் நான்தான் மாட்டினேன்னு எழுதியிருக்கீங்க. இதுல யார் சொல்றது பொய்?”

“அண்ணன் சொல்றதுங்க. எந்த வயர் எங்க போகுதுன்னு அவனைக் கேட்டுப் பாருங்க, ஒண்ணுகூடத் தெரியாது.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. வண்டியை முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். நொறுங்கிய இடப்பக்கத்தில் அதே கடையில் வாங்கிய இரண்டை மாட்டி வைத்திருந்தேன். ஸ்டாமென் மாமா வண்டிக்குப் பின்னால், அன்று வேன் இருந்த தூரத்தில் நின்றார். நான் இடது ஸ்விட்சைப் போட்டேன். நாலும் மினுக்கின.

மாமா தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற இஸ்க்ராவிடம், “பார்த்தியா?” என்றார். அவளிடம் மட்டும்தான் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிடும் என்கிறார் வக்கீல். இஸ்க்ரா இன்னும் கடைசி வரிசையில்தான் உட்காருகிறாள். அவள் வந்து உட்காரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

நேற்று மதியம் டயோடுகளை வைத்துச் சூட்டுக்கோலால் பற்றவைத்தேன். வண்டி பழைய இடத்தில், சுவருக்கும் விறகுக்கும் நடுவில்தான் நிற்கிறது. அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இந்த ஆறு மாதத்தில் வண்டிக்கு அருகே அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

“என்ன செய்யணும் நான்?”

“அந்தப் பக்கம் போய் நில்லும்மா.”

விறகு அடுக்கைச் சுற்றிக்கொண்டு போனாள். நான் இடது ஸ்விட்சைப் போட்டேன். என் பக்கம் இரண்டும் மினுக்கின. நான் அவற்றைப் பார்க்கவில்லை, வண்டிக்கு மேலே தெரிந்த அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் குனிந்து முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், சந்தேகம் தீராமல் விளக்கைக் கையால் மூடி இன்னொரு தடவை பார்த்தாள்.

“இங்க ஒண்ணும் எரியல, சோரி,” என்றாள். “நல்லாப் பார்த்துட்டேன். இந்தப் பக்கம் எதுவுமே எரியல.”

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. ரிசீவரை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
சோர்னித்சா